டீன் ஃபாரர்

டீன் என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் நம்மவர் நினைவுக்கு வருபவர் வைத்தியர் ஒருவரே. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களிலிருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு சென்டிரல் நிலையத்துக்கு எதிரேயுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று வந்தவர் யாவரும், அங்கே எல்லா டாக்டர்களுக்கும் மேலாக ஒரு டீன் உண்டு என்பதை அறிவர். கல்லூரி மாணவரோ, பாடப் பிரிவுகளை மேற்பார்க்கும் ஆசிரியருக்கும் அப்பெயர் வழங்குவதை அறிவர். ஆயினும் இச்சொல் வளர்ந்த இடம் ஆஸ்பத்திரியும் அன்று, கல்லூரியும் அன்று. துறவிகளின் மடமும் தேவாலயமுமே யாம். இலத்தீன் பாஷையில் ‘தெக்கெம்’ என்றால் பத்து. பத்துப் பேருக்குத் தலைவனானவன் ‘தெக்கானுஸ்’. பழைய மடங்களில் பத்துத் துறவிகளுக்கு ஒருவராக ஏற்படுத்தப்பட்ட மூப்பரை இப்பெயரால் அழைத்தனர். அச்சொல் பிரெஞ்சு தேசத்தின் வழியாக இங்கிலாந்துக்குச் சென்று, வாய்க்கு வாய் தேய்ந்து, டீன் என்று நின்றது. பத்துப் பேர் என்ற கணக்கு மறைந்துபோயிற்று. தலைமை மாத்திரம் எஞ்சியது.

கதீட்றல் என்னும் சொல்லையும் இங்கேயே அறிந்துகொள்வது நலம். ‘கதெட்ரா’ என்பது கிரேக்கர் ஆசனத்துக்கு இட்ட பெயர். எந்த ஆலயத்தில் அத்தியட்சருடைய ஆசனம் இடப்பட்டிருக்கிறதோ அதுவே கதீட்றல். கட்டடத்தின் பருமனைக்கொண்டு அப்பெயர் வருவதில்லை. நம் சென்னையில் 1816-ம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்ட பரிசுத்த ஜார்ஜ் ஆலயம் ஏறக்குறைய இருபது வருஷம் வெறும் ஆலயமாகவே இருந்தது. 1835-ல் மதராஸ் அத்தியட்சாதீனம் ஏற்பட்டு, தானியேல் கோரி என்பவர் முதல் அத்தியட்சராக வந்த பின்னரே அது கதீட்றலாயிற்று. ஒரு கல்லும் கூடவில்லை, ஒரு தூணும் உயரவில்லை. ஆசனம் வந்தது, பெயரும் வந்தது. 1947-ம் ஆண்டு செப்டெம்பர் 27-ந் தேதி தென்னிந்தியத் திருச்சபை தோன்றியதும் அவ்வாலயத்திலேயே. ஆர்ச்டீக்கன் என்னும் பதவியைப்பற்றி நம் முன்னோர் நன்கு கேள்விப்பட்டிருந்தனர். இங்கிலாந்தின் கதீட்றல்களைப்போல ஒரு டீனும் அவரோடு கூடிய கேனன்மாரும் ஆலயத்தை ஆளும் முறையோ அவர்களுக்குப் பழக்கமில்லாதது. ஆதலால் அப்பதவி வகித்த ஒருவருடைய சரித்திரத்தின் வழியாக அதனை அறிந்துகொள்வோம். அவர் இந்தியாவிலே பிறந்தவர்; வாழ்நாளிற் பாதி பள்ளிக்கூட ஆசிரியராய் இருந்தவர். இவ்விரண்டும் அவரைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம்.

பிரெடரிக் வில்லியம் ஃபாரர் 1831-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ந் தேதி பம்பாய்க் கோட்டையில் பிறந்தார். தந்தையாகிய சார்லஸ் ஃபாரர் சர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த மிஷனரி. பிள்ளைக்கு மூன்று வயது நிரம்பியதும் தமையனோடு கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டனர். அங்கே ஏல்ஸ்பரி என்னும் ஊரில் மணமாகாத அத்தைமார் இருவர் அவனை வளர்த்தனர். அக்காலத்தில் இந்தியாவிலிருந்த வெள்ளையர் குடும்பங்களில் இது வழக்கம். உஷ்ணம், வாந்திபேதி, காய்ச்சல் ஆகியவற்றுக்குப் பயந்து பிள்ளைகளைக் கடல் கடத்துவார்கள். தாய் முகம் மறந்துபோகும் வயதில் பிரித்து, மீசை அரும்பும் வயதில் மீண்டும் காண்பார்கள். நம் தேசத்துக்கு வந்த மிஷனரிகளுடைய தியாகங்களை எழுதுவோர் அவர்கள் வெயிலில் நடந்ததையும் மாட்டுவண்டியிற் போனதையும் விரித்து எழுதுவார்கள். இந்தப் பிள்ளைகள் கொடுத்த விலையை எழுதுவது குறைவு. தாங்கள் கேட்டுக்கொள்ளாமலே கொடுத்த விலை அது.

பின்னர் பெற்றோர் விடுமுறையில் வந்தபோது சிறுவனை மான் தீவிலுள்ள கிங் வில்லியம் கல்லூரி என்னும் பள்ளியிற் சேர்த்தார்கள். நாற்புறமும் கடல் சூழ்ந்த அவ்விடத்தில் முரட்டுப் பிள்ளைகளிடையே அவர் வளர்ந்தார். 1858-ல் அவர் எழுதிய ‘எரிக்’ என்னும் கதை இந்நாட்களிலிருந்து முளைத்ததே. அக்கதையின் நாயகனான சிறுவனுடைய பெற்றோரும் இந்தியாவில் இருக்கிறார்கள். அவனும் இங்கிலாந்தில் அத்தை வீட்டில் விடப்பட்டவன். அவனும் தீவிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். அங்கே சிறு பிழையிலிருந்து பெரும் பிழைக்குப் படிப்படியாக இறங்கிக் கெட்டு, கடைசியில் மனந்திரும்பி இறக்கிறான். ஆசிரியர் உயிரோடிருந்த காலத்திலேயே அந்நூல் முப்பத்தாறு பதிப்புக்கள் கண்டது. இக்காலத்தார் அதைப் படித்தால் கண்ணீர் மிகுதி என்பர். அதில் உண்மையில்லாமலும் இல்லை. 1899-ல் ரட்யார்ட் கிப்ளிங் எழுதிய ‘ஸ்டாக்கி’ என்னும் கதையில் வரும் குறும்புக்காரப் பையன்கள் ‘எரிக்’ கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்க வைத்த கிப்ளிங்கும் பம்பாயிற் பிறந்தவரே. அவரும் சிறுவயதிற் கப்பலேற்றப்பட்டுப் பிறர் வீட்டில் வளர்ந்தவரே. ஒரே துயரத்தை ஒருவர் அழுது தீர்த்தார், மற்றவர் நகைத்துத் தீர்த்தார் என்று நாம் நினைக்கிறோம்.

தந்தை இந்தியாவை விட்டுத் திரும்பி இலண்டனில் உதவிக் குருவாக அமர்ந்தபின், ஃபாரர் பெற்றோர் வீட்டிலிருந்துகொண்டு இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் படித்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் பிரெடரிக் டெனிசன் மாரிஸ் என்னும் வேதசாஸ்திரி. இப்பெயரை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னே வரும் சம்பவத்துக்கு இவரே வேர். பின்பு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் டிரினிட்டி கல்லூரியிற் சேர்ந்தார். குறைந்த சம்பளத்திற் படிக்க இடம்பெறும் எளிய மாணவருக்கு அங்கே ‘சைசர்’ என்று பெயர்; ஃபாரர் அவ்வாறு புகுந்தவர். 1852-ல் வடதுருவப் பிரதேசங்களைப்பற்றிய ஆங்கிலச் செய்யுளுக்காகச் சான்சலர் பதக்கம் பெற்றார். 1854-ல் கிரேக்க இலத்தீன் பரீட்சையில் நாலாவதாகத் தேறினார். 1856-ல் அக்கல்லூரியின் அங்கத்தினரானார். சம்பளச் சலுகையோடு உள்ளே வந்தவர் ஆறு வருஷத்தில் மேல் வரிசையில் உட்கார்ந்தார்.

அக்காலத்து இங்கிலாந்தில் குருவானவர்களே பெரிய பள்ளிகளில் உபாத்தியாயராக இருப்பது வழக்கம். ஃபாரரும் 1854-ல் டீக்கனாகவும் 1857-ல் குருவாகவும் பட்டம் பெற்றார். எனினும் அவர் நின்று பேசிய இடம் பிரசங்க பீடமன்று, வகுப்பறையே. சில காலம் மார்ல்பரோவிலும், 1855 முதல் ஹாரோ பள்ளியிலும் கற்பித்தார். ஹாரோவில் பதினைந்து வருஷங்களுக்குமேல் இருந்தார். 1871 முதல் 1876 வரை மார்ல்பரோ பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார்.

இவ்வாசிரியர் வாழ்க்கையில் நம் கல்லூரி மாணவர் கவனிக்கத்தக்க காரியம் ஒன்று உண்டு. கிரேக்கமும் இலத்தீனும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆயினும் அப்பாஷைகளைக் கற்பித்த முறையை அவரே வன்மையாகத் தாக்கினார். அன்றைய பள்ளிகளில் ஒவ்வொரு பையனும், கவித்துவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இலத்தீனிற் செய்யுள் இயற்றியே தீரவேண்டும். அகராதியைப் புரட்டிக் குறிலையும் நெடிலையும் அடுக்கி, பொருளில்லாத அடிகளைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் வாரந்தோறும் மணிக்கணக்காகக் காலத்தை இழந்தனர். நம் நாட்டிலும் யாப்பிலக்கணத்தை மனப்பாடம் செய்தவுடனே வெண்பாப் பாடச்சொல்லி மாணவனை வருத்திய பண்டிதர் உண்டல்லவா? 1867-ல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாரர் செய்த சொற்பொழிவும், அதே ஆண்டில் அவர் தொகுத்து வெளியிட்ட தாராளக் கல்வியைப்பற்றிய கட்டுரைத் தொகுதியும் இவ்வழக்கத்தை எதிர்த்தன. செய்யுட்கட்டும் நேரத்தில் இயற்கை சாஸ்திரங்களைக் கற்பிக்கவேண்டும் என்றார். பள்ளிகளிற் சாஸ்திரக் கல்வியைப் புகுத்துவதற்காகப் பிரிட்டிஷ் அசோசியேஷன் ஏற்படுத்திய குழுவில் ஹக்ஸ்லி, டிண்டல் ஆகியோரோடு அவரும் இருந்தார். ஒரு துறையில் வல்லவன் தன் துறைக்குரிய இடத்தைத் தானே குறைக்கச் சொல்வது அரிது. நாம் இதனை அவருடைய நூல்கள் பலவற்றினும் பெரிதாக மதிக்கிறோம்.

பாஷை நூலிலும் அவர் உழைத்தார். 1860-ல் பாஷையின் தோற்றத்தைப்பற்றியும், 1865-ல் பாஷையைப்பற்றிய அத்தியாயங்கள் என்றும், 1870-ல் பாஷைக் குடும்பங்களைப்பற்றியும் நூல்கள் எழுதினார். மனிதன் முதலில் எவ்வாறு பேசத் தொடங்கினான் என்பது அன்று பெரிய வழக்கு. இயற்கையொலிகளைக் கேட்டு அவற்றைப்போல ஒலித்ததிலிருந்தும், வலியிலும் வியப்பிலும் தானே எழும் ஒலிகளிலிருந்தும் சொற்கள் பிறந்தன என்று ஒருசாரார் கூறினர். ஃபாரர் அவர்களுள் ஒருவர். ஆக்ஸ்போர்டு பண்டிதராகிய மாக்ஸ் முல்லர் இக்கொள்கையை நாய் குரைக்கும் ஒலியாற் பெயரிட்டு ‘பௌ-வௌ’ என்று ஏளனஞ் செய்தார். தமிழ் மாணவர் இவ்வழக்கில் நடுவராக இருக்கத் தகுந்தவர். காக்கை என்றும் கூகை என்றும் அப்பறவைகள் தம் குரலாலேயே பெயர் பெற்றிருப்பதும், சலசல, மடமட, கலகல என்னும் இரட்டைக்கிளவிகள் நம் வாயில் ஓயாமல் வழங்குவதும் ஃபாரர் பக்கம் சாட்சி சொல்லும். ஆயினும் அறம், அன்பு, எண் முதலிய சொற்களை எந்தப் பறவையிடம் கற்றோம் என்று முல்லர் பக்கத்தார் கேட்டால் விடை சொல்வது எளிதன்று. ஃபாரருடைய முதல் பாஷை நூல் வெளிவருவதற்கு நான்கு வருஷம் முன்னர், 1856-ல், நம் கால்டுவெல் ஐயர் திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டிருந்தார் என்பதை நினைவுகூர்ந்தால், இடையன்குடியும் ஹாரோவும் ஒரே காலத்தில் ஒரே துறையில் உழைத்தமை விளங்கும்.

இப்பாஷை நூல்களை ஊன்றிப் படித்தவருள் ஒருவர் சார்லஸ் டார்வின். அவருடைய பரிந்துரையால் 1866-ல் ஃபாரர் ராயல் சொசைட்டியின் அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். 1871-ல் வெளியான மனித வமிசத்தைப்பற்றிய தம் நூலிலும் டார்வின் அவரை எடுத்துக்காட்டினார். இனங்களின் தோற்றத்தைப்பற்றி ஃபாரர் டார்வினோடு முழுவதும் ஒத்தவரல்லர். ஆயினும் உண்மையை நாடும் மனிதனை மனிதன் மதிப்பதற்கு ஒத்த கருத்து வேண்டுவதில்லை என்று அவ்விருவரும் நடந்துகொண்டனர்.

1874-ல் அவர் எழுதிய ‘கிறிஸ்துவின் சரித்திரம்’ வெளிவந்தது. அதற்காக 1870-ல் பாலஸ்தீன தேசத்துக்கே சென்று மலையையும் ஏரியையும் கண்டு வந்தார். ஓராண்டுக்குள் பன்னிரண்டு பதிப்புக்கள் விற்றன. விமர்சகர் சிலர் நடை அலங்காரம் மிகுந்தது என்றனர். நாமும் அதை மறுப்பதற்கில்லை. ஒரு வாக்கியத்தில் சொல்லவேண்டியதை மூன்று வாக்கியத்திற் சொல்லி, நாலாவது வாக்கியத்தில் ஒரு கவியை இழுத்துவருவது அவர் வழக்கம். ஆயினும் பண்டிதர் மாத்திரம் படித்த பாலஸ்தீன ஆராய்ச்சிகளைக் கடைக்காரனும் தொழிலாளியும் தம் வீட்டு விளக்கொளியிற் படிக்கும்படி செய்தவர் அவரே.

இந்நூலின் புகழ் பரவியிருந்த காலத்தில், 1876-ல், ஃபாரர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கேனனாகவும் அதனை அடுத்துள்ள பரிசுத்த மார்கரெட் ஆலயத்தின் குருவாகவும் நியமிக்கப்பட்டார். நாற்பத்தைந்து வயதிலே பள்ளியை விட்டார். பரிசுத்த மார்கரெட் ஆலயம் பார்லிமெண்டுக்குரிய ஆலயம், அக்காலத்தில் மங்கிக்கிடந்தது. ஃபாரர் வந்ததும் இடம் போதாமற் போயிற்று. முப்பதினாயிரம் பவுன் திரட்டி அதனைப் புதுப்பித்தார். அச்சுத்தொழிலை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த காக்ஸ்டனும், சர் வால்டர் ராலேயும் அவ்வாலயத்தில் அடக்கம் பண்ணப்பட்டவர்கள். அவர்களுக்கும் மில்டனுக்கும் ஞாபகமாக வர்ணக்கண்ணாடி ஜன்னல்கள் வைக்க ஏற்பாடு செய்தார். காக்ஸ்டன் ஜன்னலுக்கு டெனிசனும், ராலே ஜன்னலுக்கு அமெரிக்கராகிய லவலும், மில்டன் ஜன்னலுக்கு விட்டியரும் செய்யுள் எழுதிக்கொடுத்தனர். செலவில் ஒரு பங்கை அமெரிக்கரிடத்திலிருந்தே வாங்கிவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். யாசிப்பதில் அவருக்குக் கூச்சம் கிடையாது.

இனி, முன்னே ஞாபகத்தில் வைக்கச் சொன்ன மாரிஸ் ஆசிரியரிடம் திரும்புவோம். 1853-ல் மாரிஸ் வேதசாஸ்திரக் கட்டுரைகள் சிலவற்றை வெளியிட்டார். நித்தியம் என்னும் வேதச்சொல்லுக்கு ‘முடிவில்லாத காலம்’ என்று மாத்திரம் பொருள்கொண்டு, பாவிகள் காலமெல்லாம் அக்கினியில் வாதிக்கப்படுவர் என்று தீர்த்துச் சொல்வது வேதத்துக்கு ஒவ்வாது என்பது அவற்றுள் ஒன்றன் கருத்து. அக்காரணத்தால் கிங்ஸ் கல்லூரி நிர்வாகிகள் அவரை ஆசிரியர் பதவியிலிருந்து நீக்கிவிட்டனர். ஃபாரர் அப்போது கேம்பிரிட்ஜில் இருபத்திரண்டு வயது மாணவர். தம் ஆசிரியருக்கு நேர்ந்தது இன்னதென்று நன்றாக அறிந்திருந்தார். இருபத்துநாலு வருஷங் கழித்து, 1877-ம் ஆண்டு நவம்பர், டிசெம்பர் மாதங்களில், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் பீடத்தில் ஏறி, அதே பொருளை எடுத்துக்கொண்டு ஐந்து பிரசங்கங்கள் செய்தார். அவை அடுத்த ஆண்டு ‘நித்திய நம்பிக்கை’ என்னும் நூலாயின.

அவர் சொன்னதைத் திருத்தமாக அறிவது அவசியம். அன்றைய எதிரிகள் பலர் அறியாமலே எதிர்த்தனர். மனிதர் யாவரும் தப்பாமல் இரட்சிக்கப்படுவர் என்று அவர் உறுதி கூறவில்லை. பாவத்துக்குத் தண்டனை இல்லை என்றும் சொல்லவில்லை. ஆங்கில வேதத்தில் நரகம் என்று ஒரே சொல்லால் மொழிபெயர்க்கப்பட்டவை மூலத்தில் ஷெயோல், ஹேடீஸ், கெகென்னா முதலிய வெவ்வேறு சொற்கள் என்று காட்டினார். மாந்தரிற் பெரும்பாலார் மரணத்தோடே முடிவில்லாத வாதனைக்குள் தள்ளப்படுகின்றனர் என்னும் பொதுக்கொள்கைக்கு வேதத்திலும் ஆதிச்சபையின் தீர்மானங்களிலும் உறுதியான ஆதாரம் இல்லை என்றார். மரணத்துக்கு அப்பாலும் தேவ இரக்கத்துக்கு எல்லை கட்ட நாம் யார் என்று கேட்டார். இது இங்கிலாந்துக்கு மாத்திரம் உரிய வழக்கு என்று நினைக்கவேண்டாம். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊழியஞ் செய்த பிரான்சிஸ் சவேரியார் ஜப்பானியரைப்பற்றி 1552-ல் எழுதிய கடிதத்தில், புதிதாய் விசுவசித்தவர் தம் முன்னோர் கதி யாதென்று கேட்டு, மீட்பில்லை என்ற விடையைப் பெற்று அழுதனர் என்கிறார். கிராமத்துச் சபைகளில் வேலை செய்த நம் உபதேசிமார் யாரிடம் கேட்டாலும் இக்கேள்வியைச் சொல்வர். இதற்கு விடை சொல்லுகிறவர் எவரும் இறந்த தாயைப்பற்றி உயிரோடிருக்கும் மகனிடம் பேசுகிறார் என்பதை மறத்தல் ஆகாது.

எதிர்ப்பு பெரிதாய் எழுந்தது. ஆக்ஸ்போர்டில் முதியவராக இருந்த டாக்டர் பியூசி 1880-ல் மறுப்பு நூல் ஒன்று எழுதினார். அடுத்த ஆண்டே ஃபாரர் ‘இரக்கமும் நியாயத்தீர்ப்பும்’ என்று ஒரு நூலால் விடை கூறினார். இருவரும் கடிதங்களும் எழுதிக்கொண்டனர். பேசப்பேசத் தமக்குள் உள்ள வித்தியாசம் முதலில் நினைத்ததிலும் சிறிதென்று கண்டனர். சண்டை மூட்டினவர்களுக்கு அது ருசிக்கவில்லை போலும். மாரிஸுக்குப் போல ஃபாரருக்குப் பதவி போகவில்லை, வெஸ்ட்மின்ஸ்டர் கேனனை எளிதில் விலக்க முடியாது, காலமும் மாறியிருந்தது. ஆயினும் அவர் தகுதிக்குக் கிடைத்திருக்கவேண்டிய அத்தியட்சர் பதவி கிடைக்காமைக்கு இப்பிரசங்கங்களே காரணம் என்று அக்காலத்தவர் பலர் கருதினர். 1883-ல் ஆர்ச்டீக்கனானார். 1890-ல் காமன்ஸ் சபைத் தலைவருக்குரிய குருவானார். பதவி பக்கவாட்டில் நகர்ந்ததேயன்றி மேலே ஏறவில்லை.

இதற்கிடையில் 1882-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் டார்வின் காலஞ்சென்றார். அவருடலை வெஸ்ட்மின்ஸ்டரில் அடக்கம் பண்ணவேண்டுமென்று சாஸ்திரிகள் விரும்பினர். வெஸ்ட்மின்ஸ்டரில் யாரை அடக்கம் பண்ணுவது, யாரை மறுப்பது என்பது அங்குள்ள டீனுடைய இஷ்டம். அப்பதவியின் வலிமைக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. ஹக்ஸ்லி, ஃபாரரைக் கண்டு, குருமார் மறுப்பார்களோ என்று ஐயுற்றார். விண்ணப்பம் அனுப்புங்கள், பார்ப்போம் என்றார் ஃபாரர். பார்லிமெண்டு அங்கத்தினர் கையொப்பமிட்ட விண்ணப்பம் போயிற்று. டீனாயிருந்த பிராட்லி அப்போது பிரான்சு தேசத்தில் இருந்தார். தந்தியிலேயே சம்மதம் வந்தது. இந்தப் பிராட்லியும் மார்ல்பரோவில் ஃபாரருக்கு முன்னே தலைமையாசிரியராக இருந்தவரே. ஏப்ரல் 26-ந் தேதி நடந்த அடக்கத்தில் பெட்டியின் திரையைப் பிடித்து நடந்த பதின்மருள் ஹக்ஸ்லி, ஹூக்கர், வாலஸ் என்னும் சாஸ்திரிகளோடு குருவானவர் ஒருவரும் நடந்தார். அவர் ஃபாரர்.

1895-ம் ஆண்டு பிரதம மந்திரி ரோஸ்பரி பிரபுவின் ஆலோசனையால் ஃபாரர் கான்டர்பரி கதீட்றலின் டீனானார். வயது அறுபத்துமூன்று. இங்கே அப்பதவியின் இயல்பைச் சற்று விளக்குவோம். கான்டர்பரி ஆங்கிலச் சபை முழுவதற்கும் தாய் ஆலயம். 597-ம் ஆண்டில் ரோமாபுரியிலிருந்து வந்த அகுஸ்தீன் அங்கே சபையை நிறுவினார். 1170-ம் ஆண்டு டிசெம்பர் 29-ந் தேதி பேரத்தியட்சர் தாமஸ் பெக்கெட் அவ்வாலயத்துக்குள்ளேயே அரசனுடைய வீரரால் வெட்டுண்டு இறந்தார். நெடுங்காலம் பெனடிக்டுத் துறவிகளின் மடமாயிருந்ததை எட்டாம் ஹென்றி அரசன் 1540-ல் கலைத்து, மறு வருஷம் துறவிகளுக்குப் பதிலாக ஒரு டீனையும் பன்னிரண்டு கேனன்மாரையும் வைத்தான். அவர்கள் கூடிய சங்கத்துக்குச் ‘சாப்டர்’ என்று பெயர். ஆலயம், நிலம், பாடகர், பள்ளி, பழுதுபார்த்தல் எல்லாம் டீனும் சாப்டருமே நடத்துவர். பேரத்தியட்சருக்கு அங்கே ஆசனம் உண்டு, வந்து விசாரணை செய்யும் அதிகாரமும் உண்டு. அன்றாட ஆட்சி டீனுடையது. டீனை நியமிப்பவர் அரசர். நியமித்தபின் குற்றமின்றி நீக்குதல் இயலாது. இதே கான்டர்பரியில் 1931 முதல் 1963 வரை டீனாயிருந்த ஹியூலெட் ஜான்சன் என்பவர் ருஷ்யப் பொதுவுடைமையைப் புகழ்ந்து பேசியும் எழுதியும் வந்தார். பேரத்தியட்சர்கள் முகஞ்சுளித்தும் அவரை அசைக்க முடியவில்லை. ஜான்சன் அதற்குமுன் மான்செஸ்டரில் டீனாயிருந்தவர். அந்த மான்செஸ்டரில் 2006-ல் டீன் பதவியேற்றவர் தென்னாப்பிரிக்காவிற் பிறந்த இந்திய வமிசத்தவராகிய ரோஜர்ஸ் கோவெண்டர். கோவெண்டர் என்பது நேட்டால் தமிழ்க் குடும்பங்களில் மிகுதியாக வழங்கும் பெயர் என்பது நம்மவருக்குச் சுவையான செய்தி.

ஃபாரர் கான்டர்பரியை அடைந்தபோது கட்டடத்திற் பல பாகங்கள் பழுதுற்றிருந்தன. நிலவருமானம் குறைந்து சாப்டரின் கையில் பணமில்லை. அவர் மறுபடியும் யாசகத்துக்குப் புறப்பட்டார். பிரசங்கம் செய்தும், பத்திரிகைகளுக்கு எழுதியும், நண்பருக்குக் கடிதம் விடுத்தும் நிதி சேர்த்தார். நிலவறை ஆலயம் துப்புரவாக்கப்பட்டது. சாப்டர் மண்டபம் புதுப்பிக்கப்பட்டு 1897-ல் வேல்ஸ் இளவரசராலே திறக்கப்பட்டது. அவ்வாண்டு அகுஸ்தீன் கரையேறிய ஆயிரத்து முந்நூறாவது ஆண்டு. அதனோடு லாம்பெத் மகாநாடும் கூடிற்று. உலகத்தின் பல திக்குகளிலிருந்து 194 அத்தியட்சர்கள் வந்தனர். அத்தியட்சராகாத ஒருவர் அத்தனை அத்தியட்சர்களையும் தம் ஆலயத்தின் தலைவாயிலில் நின்று வரவேற்றார். அன்று அவர் மனத்தில் என்ன ஓடிற்றோ, அறியோம்.

குடும்பத்தைப்பற்றிச் சில வார்த்தை. 1860-ல் லூசி கார்டியூ என்னும் மாதை மணந்தார். ஆண் ஐவரும் பெண் ஐவருமாகப் பதின்மர் பிறந்தனர். பரிசுத்த மார்கரெட் ஆலயத்தில் அவருக்கு உதவிக் குருவாயிருந்த ஹென்றி மாண்ட்கமரி அவருடைய மகளை மணந்தார். இந்த மாண்ட்கமரியும் இந்தியாவில், கான்பூரில், பிறந்தவர். தாஸ்மேனியா அத்தியட்சராயிருந்து, பின்பு எஸ்.பி.ஜி. சங்கத்தின் காரியதரிசியானார். கால்டுவெல் ஐயர் சார்ந்திருந்த சங்கம் அதுவே; ஆதலால் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து போன கடிதங்கள் பல ஃபாரருடைய மருமகன் மேஜையைச் சேர்ந்திருக்கும். அவர்களுக்கு 1887-ல் பிறந்த பிள்ளையே 1942-ல் எல் அலமேனில் ஜெர்மானியப் படையை முறியடித்த பீல்டு மார்ஷல் மாண்ட்கமரி.

கடைசி நாட்களில் டீனுடைய தசைகள் மெலியத் தொடங்கின. எழுதி எழுதித் தேய்ந்த வலது கை முதலில் விழுந்தது. பின்னர் நடையும் தளர்ந்து, ஆலயத்துக்குத் தூக்கிச் செல்லப்பட வேண்டியதாயிற்று. அப்படியும் அவர் வருவதை நிறுத்தவில்லை. 1903-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி காலமானார். சில மாதங்களுக்குமுன் இறந்த பேரத்தியட்சர் டெம்பிளின் கல்லறைக்கு அருகே கான்டர்பரி ஆலயத்தின் உள்முற்றத்தில் அடக்கம் பண்ணப்பட்டார். அவர் டீனாயிருந்தது எட்டு வருஷங்கூட நிரம்பவில்லை. உபாத்தியாயராயிருந்தது இருபது வருஷத்துக்கு மேல். ஆயினும் உலகம் அவரை டீன் ஃபாரர் என்றே அழைத்தது. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டரிலே, அவர் டீனாக ஒருபோதும் இருந்திராத அவ்விடத்திலே, ‘டீன் ஃபாரர் தெரு’ என்று ஒரு தெரு இருக்கிறது.